செல்லு மேல பழி போடாதே, மாப்ளே

மாப்ளே, உன் கஞ்சிலு காரு மறுபடியும் வாசல்லயே படுத்துக்கிச்சாமே? தாமான் முழுக்க அதான் பேச்சு. உங்கம்மா என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, இவன் ராத்திரியெல்லாம் தூங்காம போனைப் பார்த்துப் பெருமூச்சு விடுறான், பொண்ணு விவகாரமா இருக்குமோ”ன்னு கேட்டுச்சு. நான் எட்டிப் பார்த்துட்டு, “பயப்படாதே தங்கச்சி, பொண்ணு இல்ல, பேட்டரி. பொண்ணா இருந்தா இந்நேரம் பதிலாவது வந்திருக்கும்”னு சொல்லிட்டு வந்தேன். கண்ணாடிக் கோயில்ல காரு பேருக்கு அர்ச்சனை வச்சதாவும் கேள்வி. ஜாலான் தெப்ராவ் ராஜகாளியம்மன் 1922-ல இருந்து எத்தனையோ வழக்கைப் பார்த்தவ. ஆனா லூசான நட்டை முடுக்குறதுக்கு அவளை வரச் சொல்றது நல்லா இல்ல, மாப்ளே.

1994-ல பெரோடுவா போட்ட முதல் காரு உன் கஞ்சிலு. 660 சிசி எஞ்சினு. புருசன், பொண்டாட்டி, புள்ளைங்க, மடியில ஒரு மூட்டை அரிசின்னு ஏத்திக்கிட்டு உலு திராமுக்கும் கோத்தா திங்கிக்கும் ஓடின வண்டி. நீ அந்த எஞ்சினைக் கழட்டி எடைக்குப் போட்டே. மோட்டாரு மாட்டினே. பானெட்டுக்குள்ள 12 செல்லு, பின்சீட்டுக்குப் பின்னால 20 செல்லு, ஆக 32. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டு, ஒவ்வொண்ணும் 3.2 வோல்ட்டு, 100 ஆம்பியர் அவரு. எல்லாத்தையும் வரிசையாக் கோத்தா 102 வோல்ட்டு சொச்சம், உள்ள அடங்குறது 10 யூனிட்டு கரண்டு. கெட்டிக்கார வேலைதான், இல்லேன்னு சொல்லல. உங்க மாமன் வம்சத்துல ஒருத்தனாவது படிச்சதுக்கு வேலை செஞ்சான்னு எனக்கும் பெருமைதான். ஆனா நேத்து நீ என்கிட்ட வந்து, “மாமா, 6-ஆம் நம்பர் செல்லு செத்துப் போச்சு, புதுசுக்கு ஆர்டர் போட்டுட்டேன்”னே பாரு, அப்போதான் நீ நம்ம வம்சந்தான்னு எனக்கு உறுதியாச்சு.

செத்ததுன்னு யாரு சொன்னா? செல்லு வோல்ட்டைக் காட்டுற மானிட்டரு சொல்லிச்சு. மானிட்டருக்கு யாரு சொன்னா? அதைக் கேட்டா முழிக்கிறே.

இப்போ காப்பிக் கடையும் கேக்குக் கடையுமா மின்னுற மௌண்ட் ஆஸ்டின் ஒரு காலத்துல கித்தாத் தோட்டம், மாப்ளே. விடியறதுக்கு முந்தி பெரட்டு. கங்காணி பேரைக் கூப்பிடுவாரு, இருட்டுல நிக்கிற ஆளு குரல் குடுக்கணும். குரல் வந்தா ஆளு உண்டு, வரலேன்னா அன்னிக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. உன் மானிட்டர் பெட்டியும் அந்தக் கங்காணிதான். அது ஒரு செல்லையும் தொட்டுப் பார்த்ததில்ல. மெல்லிசா ஒரு வயரு வழியா வர்ற வோல்ட்டைக் கேட்டு நோட்டுல எழுதுது, அவ்வளவுதான். வயரு மக்கர் பண்ணினா, ஆளு கல்லு மாதிரி நிக்கிறப்பவே “சீக்கு”ன்னு எழுதிடும். நீ என்னடான்னா நோட்டைப் படிச்சிட்டு ஆளைத் தோட்டத்தை விட்டே விரட்டுறே.

சரி, நோட்டையாவது ஒழுங்காப் படிச்சியா? 6-ஆம் செல்லு 2.91 வோல்ட்டு. அதைப் பார்த்ததும் உனக்கு அழுகை வந்துச்சு. அதுக்குப் பக்கத்துல 7-ஆம் செல்லு 3.69. அதைப் பார்த்து ஏன் சந்தேகம் வரல? ரெண்டையும் கூட்டு. 6.60. ரெண்டால வகு. 3.30. மத்த 30 செல்லும் என்ன காட்டுது? அதே 3.30. ஒருத்தன் இழந்ததும் பக்கத்துல இருக்கிறவன் வாங்கினதும் சல்லி பிசகாம ஒண்ணா இருந்தா, அது சீக்கு இல்ல மாப்ளே, கணக்குல கோளாறு.

32 செல்லுக்கு 33 வயரு வருது. முதல் செல்லோட மைனஸுக்கு ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு செல்லோட பிளஸுக்கும் ஒண்ணு. நடுவுல இருக்கிற 31 வயரும் ரெண்டு செல்லுக்குப் பொது. 6-க்கும் 7-க்கும் நடுவுல இருக்கிற வயரு, 6-க்குத் தலை, 7-க்குக் கால். அந்த ஒரு இடத்துல பிடிமானம் போனா, பெட்டி நடுக்கோட்டை எங்கேயோ போட்டுக்கும். ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும், கூட்டுத்தொகை மட்டும் அசையாது. நிஜமாவே 6-ஆம் செல்லு கெட்டிருந்தா 7 எதுக்கு மேல ஏறணும்? கெட்ட செல்லு தனியாக் கெடும். பக்கத்துல இருக்கிறதையும் எதிர்ப்பக்கமா இழுத்தா, வயரைத்தான் பிடிக்கணும்.

இதை இப்படியே விட்டா இன்னொரு கூத்து நடக்கும். 7-ஆம் செல்லு 3.65 எல்லையைத் தாண்டிடுச்சுன்னு பெட்டி சார்ஜரை நிறுத்துது. அதனாலதான் உன் வண்டி பாதி வயித்தோட நிக்குது. அதோட விடாம, எல்லா செல்லையும் சமமாக்குறேன்னு 7-ஆம் செல்லை ரெசிஸ்டர் வழியா வடிக்க ஆரம்பிக்கும். நல்லா இருக்கிற செல்லு, மாப்ளே! நாள் கணக்குல வடிச்சா அது நிஜமாவே வத்திப் போகும். அப்போ நீ ஓடி வந்து, “பார்த்தீங்களா மாமா, நான் அப்பவே சொன்னேன்ல, செல்லுதான் கெட்டது”ன்னு என்கிட்டயே நியாயம் பேசுவே.

வடிக்கிறப்போ நடக்கிறதைக் கவனிச்சாலே பாதி துப்பு கிடைச்சிடும். வடிக்கிற கரண்டு அதே மெல்லிசு வயரு வழியாத்தான் போகுது. அந்த மூட்டுல 1 ஓம் தடை உக்காந்திருக்கு, வடியிறது 100 மில்லி ஆம்பியருன்னு வை. வயருலயே 0.1 வோல்ட்டு விழுந்துடும். வடியிற செல்லு 0.1 கம்மியாக் காட்டும், அந்தப் பக்கம் இருக்கிறது 0.1 கூடக் காட்டும். வடிக்கிறதை நிறுத்தினதும் ரெண்டும் திரும்பி வரும். கொஞ்சம் விவரமான பெட்டியா இருந்தா வடிக்கிறதை நிறுத்திட்டுத்தான் அளக்கும். உன் பெட்டி விவரமானதான்னு அதை வித்தவன்கிட்டக் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவான். போன்ல அந்தச் சமமாக்குற பொத்தானை நீயே அணைச்சிட்டு நம்பரு நகருதான்னு பாரு. நகர்ந்தா கோளாறு வயருல, இல்லேன்னா வயரு நுனியில இருக்கிற லக்குல.

இனிமே மீட்டரைக் கையில எடுக்கலாம். அதுக்கு முந்தி கையில இருக்கிறதை எல்லாம் கழட்டு. வாட்ச்சு, மோதிரம், உங்கப்பா வாங்கிக் குடுத்த காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாம். 60 வோல்ட்டு டிசி தாண்டினாலே அதை ஆபத்தான கூட்டத்துல சேர்க்குது ஐ.நா.வோட ஆர் 100 விதி. உன்னோடது 100-க்கு மேல. வீட்டு ஏசி கரண்டு நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுட்டுப் போகும், அதனால பொறி பறந்தாலும் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்த நல்ல குணம் கிடையாது, பிடிச்சா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஸ்பேனரு கைப்பிடியில டேப்பு சுத்து. மெயின் பியூஸைக் கழட்டிட்டு வேலை செய். பியூஸைக் கழட்டிட்டா கரண்டு போயிடுச்சுன்னு மட்டும் நினைக்காதே. ஒவ்வொரு செல்லும் தன் வோல்ட்டைத் தானே வச்சிருக்கு, அதை எந்த சுவிட்சும் அணைக்காது. தனியாச் செய்யாதே, யாரையாவது பக்கத்துல வச்சுக்கோ. போன் நோண்டுற கூட்டாளி வேணாம். 999-க்கு அடிச்சு தீயணைப்புப் பொம்பாவைக் கூப்பிடத் தெரிஞ்சவனா இருக்கணும்.

மீட்டரோட சிவப்பு வயரு எந்த ஓட்டையில இருக்குன்னு பாரு. போன வாரம் ஆம்பியரு அளந்துட்டு 10 ஆம்பியர் ஓட்டையிலயே விட்டிருப்பே. அதோட செல்லு மேல வச்சேன்னா நீ அளக்கல, ஷார்ட்டு பண்றே. 100 ஆம்பியர் அவரு செல்லு அதுக்கெல்லாம் தயங்காது.

இப்போ செல்லுல வை. நட்டு மேல வைக்காதே, லக்கு மேல வைக்காதே. செல்லோட முனையிலயே குத்து. 6-ஆம் செல்லு என்ன சொல்லுது? 3.30. 7? 3.30. ஆளு ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. போன்ல ஆர்டரை ரத்து பண்ற பொத்தான் எங்கே இருக்குன்னு இப்பவே தேடி வச்சுக்கோ.

அடுத்து பெட்டியில செருகுற கனெக்டரைக் கழட்டி அதுல அளப்பே. அங்கேயும் 3.30 காட்டும், உடனே நீ “வயரும் நல்லா இருக்கு மாமா, பெட்டிதான் கெட்டது”ன்னு புதுப் பெட்டிக்கு ஆர்டர் போடுவே. பொறு. உன் மீட்டருக்கு உள் தடை 10 மெகா ஓம். அது உறிஞ்சுற கரண்டு ஒண்ணுமே இல்ல. ஒத்த நரம்புல தொங்குற வயரும் அதுக்கு முழு வோல்ட்டைக் காட்டும். அதனால கொஞ்சம் சுமையை ஏத்தி அளக்கணும். 100 ஓம் ரெசிஸ்டரு ஒண்ணு எடுத்து அந்த ரெண்டு பின்னுக்கும் குறுக்கே வை. 33 மில்லி ஆம்பியருதான் ஓடும், கால் வாட்டு ரெசிஸ்டரே தாங்கும். நல்ல வயருன்னா 3.30 அப்படியே நிக்கும். மூட்டுல 20 ஓம் தடை இருந்தா 2.75-க்குப் படுத்துடும். படுத்தா அந்த வயரோட போக்குலயே செல்லு வரைக்கும் போ. குத்தவாளி அங்கேதான் பச்சை பூத்து உக்காந்திருப்பான்.

பச்சைன்னு சொன்னதும் சிரிக்கிறே. இது ஜொகூர். நவம்பர்ல இருந்து வடகிழக்குப் பருவமழை பிச்சு உதறுது, மீதி மாசம் காத்தே ஈரம். செம்பு லக்கை இடுக்கியால நசுக்கி வச்சா அதுக்குள்ள ஈரம் புகாம வேற எங்கே போகும்? லக்கை நசுக்க அதுக்குன்னு கிரிம்ப் கருவி இருக்கு. உங்கப்பாவோட பல்லுப் போன பிளையரு அந்தக் கருவி இல்ல. நசுக்கினப்புறம் இழுத்துப் பாரு. வயரு கையோட வந்துச்சுன்னா, அது இத்தனை நாள் உன் மேல இருந்த பாசத்துலதான் நின்னிருக்கு.

லக்கை மாட்டுற வரிசையிலயும் ஒரு சங்கதி இருக்கு. செல்லோட முனை அலுமினியம்னா காத்துப் பட்டதுமே தோல் போட்டுக்கும். தேய்ச்சு மினுக்கின கையோட, அதுக்குன்னு விக்கிற பசையை மெல்லிசாத் தடவி, செம்புப் பட்டையை முனையில நேரா உக்கார வை. பட்டைக்கு மேலதான் மானிட்டர் லக்கு, அதுக்கு மேல வாஷரு, நட்டு. நீ லக்கைப் பட்டைக்கு அடியில செருகி வச்சிருக்கே, நான் பார்த்தேன். அப்படி வச்சா மோட்டாரு இழுக்கிற மொத்தக் கரண்டும் அந்தத் துக்குணூண்டு லக்கு வழியாத்தான் ஏறி இறங்கணும். இன்னொண்ணு, நட்டை முடுக்குறப்போ பலத்தைக் காட்டாதே. அலுமினியத்துல இருக்கிற மரை போச்சுன்னா, அப்போ நிஜமாவே உனக்குப் புதுச் செல்லு வேணும்.

6-ஆம் நம்பர் கதை இது. உன் வண்டியில 12-க்கும் 13-க்கும் நடுவுல வேற ஒரு நாடகம் ஓடிக்கிட்டிருக்கு. பானெட்டுல இருக்கிற கடைசிச் செல்லுக்கும் பின்னால இருக்கிற முதல் செல்லுக்கும் நீளமா ஒரு கேபிளு போட்டிருக்கேல்ல? மானிட்டரு வயரைப் பானெட்டு முனையில மட்டும் மாட்டியிருக்கே. அதனால அந்தக் கேபிளு முழுசும் 13-ஆம் செல்லோட கணக்குல சேருது. வண்டி நிக்கிறப்போ எல்லாம் சரியா இருக்கும். ஆக்சிலேட்டரை மிதிச்சு 200 ஆம்பியர் இழுத்தா, கேபிளும் அதோட மூட்டும் சேர்ந்து 1 மில்லி ஓம் இருந்தாலே 0.2 வோல்ட்டு காணாமப் போகும். 13 தொங்கிடும். சார்ஜு போடுறப்போ அதே 13 மத்ததை விட மேல நிக்கும். இறங்குறப்போ ரொம்ப இறங்கி ஏறுறப்போ ரொம்ப ஏறுதுன்னா, ஒண்ணு செல்லோட உள் தடை கூடிப் போச்சு, இல்லேன்னா பாதையில தடை. எதுன்னு தெரிய, கரண்டு ஓடுறப்பவே ஒரு தடவை செல்லோட முனையிலயும் ஒரு தடவை மானிட்டரு வயரு மாட்டின இடத்துலயும் அளந்து பாரு. வண்டியை ஓட்டிக்கிட்டே அளக்காதேடா, சார்ஜு ஏறுறப்போ அளந்தாப் போதும். ஓட்டி முடிச்சதும் தூரத்துல இருந்து சூடு அளக்கிற கருவியை நட்டு நட்டாக் காட்டிப் பாரு. 200 ஆம்பியருக்கு 1 மில்லி ஓம்னா அந்த ஒரு மூட்டுல 40 வாட்டு சூடு. லூசான நட்டு தன்னைத்தானே காட்டிக் குடுக்கும்.

அந்த நீளக் கேபிளைப் பத்தி நான் பயப்படுறது வேற. மோட்டாரு இழுத்துக்கிட்டிருக்கிறப்போ அது புட்டுக்கிச்சுன்னு வை. மொத்த பேட்டரி வோல்ட்டும் அந்த இடைவெளியில வந்து நிக்கும். அதை நேராக் கேட்டுக்கிட்டிருக்கிறது யாரு? 13-ஆம் நம்பரோட ரெண்டு மெல்லிசு வயரு. 3 வோல்ட்டுக்குப் பழகின வாயில 100 வோல்ட்டு, அதுவும் தலைகீழா. பெட்டி வெடிச்சுக் கருகும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க பேட்டரிக்கு நடுவுல பியூஸோ சுவிட்சோ வச்சா, அந்த இடத்தோட ஒரு மானிட்டரு முடிஞ்சு அடுத்த மானிட்டரு ஆரம்பிக்கிற மாதிரி பிரிச்சுக்குவாங்க. நீ முன்னால 12-க்கு ஒண்ணு, பின்னால 20-க்கு ஒண்ணுன்னு ரெண்டு பெட்டி போட்டிருக்கணும். “ஒரே பெட்டி மலிவா கிடைச்சுது மாமா.” தெரியும்டா. மலிவு விலையில வர்ற சாமானுக்கு மீதிக் காசை அப்புறமா தவணையில கட்டலாம்.

புது லக்கெல்லாம் போட்டு முடிச்சதும் கனெக்டரைப் பெட்டியில சொருக உனக்குக் கை துடிக்கும். கையைக் கட்டிக்கிட்டு நில்லு. கறுப்பு முனையைப் பேட்டரியோட மைனஸ்ல வச்சு, சிவப்பு முனையால ஒவ்வொரு பின்னையும் வரிசையாத் தொட்டுக்கிட்டே வா. 3.3, 6.6, 9.9, 13.2, அப்படியே 3.3 படியா ஏறி 105.6-ல முடியணும். 5-ஆம் வயரும் 6-ஆம் வயரும் இடம் மாறியிருந்தா 13.2-க்கு அப்புறம் 19.8 வரும், அப்புறம் 16.5-க்கு இறங்கும். அதைக் கவனிக்காம சொருகினேன்னா பெட்டிக்கு 5-ஆம் செல்லு 6.6 வோல்ட்டு, 6-ஆம் செல்லு மைனஸ் 3.3, 7-ஆம் செல்லு மறுபடி 6.6. கங்காணிக்கு அந்த இடத்துலயே மாரடைப்பு. பெட்டியோட வந்த காகிதத்துல எதை முதல்ல மாட்டணும், எதைக் கடைசியாக் கழட்டணும்னு எழுதியிருப்பான். அந்தக் காகிதத்தை நீ முறுக்கு வச்சுச் சாப்பிட்டதை நானே பார்த்தேன். எண்ணெயைத் துடைச்சிட்டுப் படி.

ஒவ்வொரு வயருக்கும் செல்லு முனையிலயே ஒரு சின்ன பியூஸு வேணும். செல்லு முனையில, மாப்ளே. பெட்டி முனையில வச்சா நடுவழியில வயரு ஷார்ட்டானப்போ அந்த பியூஸு வேடிக்கை பார்க்கும், வயரு திரியா எரியும். நடுவழியில ஷார்ட்டாகாதுன்னு சொல்லாதே. வண்டியோட தகரத்துல ஓட்டை போட்டு வயரை விட்டிருக்கே, ஓட்டைக்கு ரப்பரு வளையம் போடல. கித்தா விளைஞ்ச ஊருல ஒரு ரப்பரு வளையத்துக்குப் பஞ்சமா? மேலும் இந்தப் பக்கத்து எலிங்களைப் பத்தி உனக்குத் தெரியாது. காடும் தோட்டமும் போனப்போ அதுங்க எங்கேயும் போகல, உங்க தாமானுக்குள்ளதான் குடியேறிச்சு. உன் வயரோட பிளாஸ்டிக்கு அதுங்களுக்கு ராத்திரிப் பலகாரம்.

வயரு உரசி பாடியைத் தொட்டிருக்கான்னு பார்க்க ஒரு வழி சொல்லித் தர்றேன், யாருக்கும் சொல்லாதே. நான் கடையில உக்காந்து சொன்னா என் மரியாதை கூடும், நீ சொன்னா உன் மரியாதைதான் கூடும். பேட்டரி மைனஸுக்கும் வண்டி பாடிக்கும் நடுவுல அள. பழுது இல்லேன்னா ஏதோ கொஞ்சம் காட்டி மெல்ல பூஜ்ஜியத்துக்குப் போகும். உன் வண்டியில 39.6-ன்னு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. 39.6-ஐ 3.3-ஆல வகு. 12. அப்போ 12-ஆம் செல்லோட பிளஸ் பக்கம்தான் எங்கேயோ பாடியைத் தொட்டுக்கிட்டிருக்கு. வண்டியைப் பூரா பிரிச்சுப் பார்க்க வேண்டியதில்ல, பானெட்டுல இருந்து பின்னால போற அந்த ஓட்டையை மட்டும் பாரு. வளையம் போடாத அதே ஓட்டை. ஒரு இடம் மட்டும் பாடியைத் தொட்டா ஒண்ணும் ஆகாது, வண்டி ஓடும், அதனாலதான் நீ கவனிக்கல. ரெண்டாவதா இன்னொரு இடம் தொடுற அன்னிக்கு நடுவுல இருக்கிற செல்லெல்லாம் ஷார்ட்டு. அதே ஆர் 100 விதி டிசிக்கு வோல்ட்டுக்கு 100 ஓமாவது காப்புத் தடை வேணும்னு சொல்லுது. உன் பேட்டரிக்குச் சுமாரா 10,500 ஓமுக்குக் குறையக் கூடாது. மழை பெஞ்ச மறுநாள் காலையில அளந்து பாரு, அன்னிக்குத்தான் உண்மை தெரியும்.

ஆக்சிலேட்டரை மிதிக்கிறப்போ மட்டும் எல்லா நம்பரும் சாமி ஆடுதுன்னா செல்லும் கெடல, லக்கும் கெடல. மோட்டாரு கன்ட்ரோலரோட இரைச்சல் வயருல ஏறுது. மானிட்டரு வயரை மோட்டாரு கேபிளோட சேர்த்துக் கட்டாதே, தள்ளி வச்சு முறுக்கி விடு. இதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

அப்புறம், எலக்ட்ரிக் காரை நீதான் கண்டுபிடிச்ச மாதிரி போர்ச்சுல நின்னு பேசுறே. 1993-லயே லவ்பேர்டுன்னு ஒரு எலக்ட்ரிக் காரு டெல்லி கண்காட்சிக்கு வந்துச்சு. கேரளத்து சாலக்குடியிலயும் நம்ம கோயம்புத்தூர்லயும் செஞ்சது. ஜப்பான் யாஸ்காவா கம்பெனியோட கூட்டு. வாங்க ஆளு இல்லாம அடங்கிப் போச்சு. 2001-ல பெங்களூரு ரேவா வந்துச்சு. எட்டு 6 வோல்ட்டு ஈய பேட்டரி, மொத்தம் 48 வோல்ட்டு. ஈய பேட்டரி ஒரு விதத்துல பொறுமைசாலி. கொஞ்சம் கூடுதலா ஏத்தினா தண்ணியை ஆவியாக்கி விட்டுட்டு, பின்தங்கின செல்லு வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கும். மூடியைத் திறந்து மிதவைக் கருவியை விட்டு ஆசிட்டுக் கனத்தைப் பார்த்தா செல்லோட குணம் தெரிஞ்சிடும். லித்தியத்துக்கு அந்தப் பொறுமை இல்ல. அளவைத் தாண்டினா தாண்டினதுதான். மூடியும் கிடையாது, எட்டிப் பார்க்க வழியும் கிடையாது. அதனாலதான் ஒவ்வொரு செல்லுக்கும் வயரு இழுத்துக் காவல் வைக்க வேண்டியிருக்கு. அதுலயும் உன் அயர்ன் பாஸ்பேட்டு நடுவயித்துல ஊமை. கால்வாசி சார்ஜுக்கும் முக்கால்வாசி சார்ஜுக்கும் வோல்ட்டுல வித்தியாசமே தெரியாது. உச்சியிலயும் அடியிலயும்தான் வாயைத் திறக்கும். பாதி சார்ஜுல நின்னுக்கிட்டு, “எல்லாம் 3.30, எல்லாம் சமம்”னு சந்தோசப்படாதே.

நீ சிரிச்சாலும் சரி, இந்த விசயத்துல மட்டும் நான் கேலி பண்ணல. 2022 மார்ச்சுல வேலூர்ல ஒரு வீட்டுல சார்ஜு போட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டரு தீப்பிடிச்சு, தகப்பனும் மகளும் புகையில செத்துப் போனாங்க. அந்த வருசம் அப்படிப் பல வண்டி எரிஞ்சப்புறம்தான் இந்திய அரசாங்கம் ஏஐஎஸ் 156 விதியை இறுக்கி, டிசம்பர்ல இருந்து பேட்டரிக் கண்காணிப்புக்குக் கடுமையான நிபந்தனை போட்டுச்சு. 2013 ஜனவரியில போயிங் 787 விமானம் ரெண்டுல பேட்டரி கருகிச்சு, ஒண்ணு பாஸ்டன்ல, ஒண்ணு ஜப்பான்ல. ஒரு பேட்டரியில எட்டே செல்லு. உலகத்துல அப்போ ஓடிக்கிட்டிருந்த 50 விமானத்தையும் தரையில நிறுத்தி, மூணு மாசம் உலகத்துப் பொறியாளரெல்லாம் மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. உன்கிட்ட 32 செல்லு, அதுல 20 பின்சீட்டுக்கு முதுகுப் பக்கமா. அந்தச் சீட்டுல உங்கம்மாவை உக்கார வச்சு சந்தைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கே.

அதனால இப்போதைக்கு வண்டி போர்ச்சை விட்டு வெளியே வர வேணாம். எஞ்சினை மாத்தின வண்டி சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயோட அனுமதி இல்லாம ரோட்டுக்கு வந்தா 1987-ஆம் வருசத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கு, இன்சூரன்ஸும் கையை விரிச்சிடும். ரோட்டுல தடுத்து நிறுத்துற அதிகாரி உன் ஆப்புல எத்தனை செல்லு பச்சையா இருக்குன்னு கேட்க மாட்டாரு.

இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள 6-ஆம் லக்கைப் புதுசா கிரிம்ப் பண்ணு. பட்டைக்கு அடியில செருகின லக்கையெல்லாம் மேல ஏத்து. அந்த ஓட்டைக்கு ரப்பரு வளையம் போடு. 33 பின்னையும் மீட்டரால எண்ணிட்டு அப்புறம் சொருகு. உன் 6-ஆம் செல்லு நல்ல செல்லு, 7-உம் நல்ல செல்லு. கெட்டது சில்லறைக் காசு பெறாத ஒரு லக்கு. கடைக்காரன் பொட்டலத்தைக் கட்டி அனுப்புறதுக்குள்ள அந்த ஆர்டரை ரத்து பண்ணு, மாப்ளே.